ஹேவ்லாக் டி-ஷர்ட்: பல வருஷம் போட்டுத் துவைத்த பிறகு

அந்தமானிலிருந்து நினைவுக்கு என்று பவளத் துண்டைத் தூக்கி வர முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்து வைத்துவிடுவார்கள். வம்பில்லாமல் கொண்டு வரக்கூடியது டி-ஷர்ட்தான். ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரைக்குப் போகும் வழியில் வாங்கியது என்னுடையது. கருநீலம், நெஞ்சில் ஒரு கடல் ஆமை, கீழே வெள்ளையில் 'ஹேவ்லாக்'. 2018 டிசம்பரில் தீவுக்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சட்டை அதற்கு முந்தையது.

கழுத்து லேபிளில் திருப்பூர் என்று போட்டிருந்தது. அங்கேயே பார்த்துச் சிரித்தோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் தாண்டிப் போய் நம்ம ஊர் பனியனையா வாங்குவது என்று கேட்ட மனைவிதான், அடுத்த நிமிஷம் தனக்கும் ஒன்று எடுத்தாள்.

துணியில் எனக்குக் குறையே இல்லை. முழுப் பருத்தி, நல்ல கனம். முதல் துவையலில் நீளம் கொஞ்சம் சுருங்கியது, அதோடு நின்றுவிட்டது. கழுத்து ரிப் இன்னும் தொளதொளக்கவில்லை. ஒரே எரிச்சல், இடது பக்கத் தையல் திருகிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்பது. ஒற்றைப் பின்னல் துணியில் நூலின் முறுக்கு துவைக்கத் துவைக்கத் தளரும்போது இப்படி ஆகும். போட்டிருப்பவருக்குத்தான் தெரியும், பார்ப்பவருக்குத் தெரியாது.

பிரிண்ட் வேறு கதை. ஆமை துணியின் மேல் படலமாக நிற்கும் ரப்பர் பிரிண்ட், எழுத்து துணிக்குள் ஊறிய பிக்மென்ட் பிரிண்ட். எழுத்து மங்கியிருக்கிறது, ஆனால் ஓர் இடத்திலும் உரியவில்லை. ஆமையின் ஓடு முழுக்க வெடிப்பு. நிஜ ஓட்டில் இருக்கும் கட்டங்களைப் போலவே வெடித்திருப்பதால், அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு! நான் திருத்துவதில்லை. வலது துடுப்பு மட்டும் பாதி காணோம். இஸ்திரிப் பெட்டி நேராகப் பட்டதன் விளைவு, உபயம் தெருமுனை இஸ்திரிக்காரர்.

தோள்பட்டை இரண்டும் மற்ற இடத்தைவிட வெளுத்திருக்கும். எலிஃபண்ட் பீச்சில் முகமூடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்த்தபோது, முதுகு வெயிலில் கருகாமலிருக்க இதைப் போட்டுக்கொண்டே நீரில் மிதந்தேன். முதுகு தப்பித்தது. ஆனால் கரையேறியதும் நனைந்த பருத்தி ஈரச் சாக்கு மாதிரி இழுக்கும். அந்தத் தீவின் காற்றில் ஈரம் அதிகம், ராத்திரி முழுக்கக் கொடியில் கிடந்தும் காயவில்லை. காலையில் முக்கால் ஈரத்தோடு, ஒரு புளித்த வாடையோடு படகேறினேன். கடலில் இறங்க பாலியஸ்டர்தான் சரி.

இந்தச் சட்டையோடு எடுத்த படங்களில் பாதி இருட்டு. டிசம்பரில் அங்கே ஐந்து மணி சுமாருக்கே சூரியன் விழுந்துவிடுகிறது. இந்திய நேரத்துக்கு அடிப்படையான 82.5 டிகிரி தீர்க்கரேகையிலிருந்து பத்து டிகிரிக்கு மேல் கிழக்கே இருக்கிற தீவு. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம் என்று போட்டால் நாற்பது நிமிஷம் அங்கேயே போச்சு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் போகலாம் என்று கிளம்பினால் ராதாநகரில் சிவப்பு வானத்தின் கடைசித் துண்டுதான் கிடைக்கும். எங்களுக்கு அது கிடைத்தது. கரையோரத்து உயரமான மரங்களுக்குக் கீழே அதற்குள் நல்ல இருட்டு, செருப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே கைபேசி வெளிச்சம் வேண்டியிருந்தது.

மனைவியின் சட்டை இதைவிடப் பளபளப்பு. சூடு வைத்து ஒட்டிய படம். சில மாதத்திலேயே ஓரம் தூக்கி, முழுசாகக் கழன்று வந்துவிட்டது. இப்போது அது வண்டி துடைக்க.

வாங்கப் போகிறவர்கள் படத்தின் மேல் விரலால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் தாள் மாதிரி வழுக்கினால் வேண்டாம், துணியின் சொரசொரப்பு கையில் தட்டினால் எடுக்கலாம். அளவு ஒன்று கூட்டியே எடுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிக்குக் கொடுப்பதாக இருந்தாலும் திருப்பியே கொடுங்கள்.