எர்த் ஒயரை வெட்டி ஹம் எடுக்கிறார்கள், ஏமாறாதீர்கள்

ரெக்கார்டிங்கில் ஹம் (‘ம்ம்’ என்று விடாமல் கேட்கும் இரைச்சல்) வருகிறதென்று ஆள் கூப்பிட்டால் பத்தே நிமிடத்தில் சத்தம் நிற்கிறது, கூலியும் கைமாறுகிறது. அதன்பின் ப்ளக்கைக் கழற்றித் திறந்து பார்த்தால் பச்சை-மஞ்சள் எர்த் ஒயர் நறுக்கப்பட்டு, முனையில் கறுப்பு டேப் சுற்றியிருக்கிறது. இதற்கு ரிப்பேர் என்று பெயர் சொல்லிப் பணம் வாங்குவது பச்சை மோசடி.

சத்தம் நிற்பது உண்மைதான். லேப்டாப், ஸ்பீக்கர் இரண்டும் தனித்தனியே எர்த்துக்குப் போகின்றன. ஆடியோ கேபிளின் ஷீல்டு (உள்ளிருக்கும் ஒயரைச் சுற்றிய உலோக உறை) அவற்றை இன்னொரு பக்கமும் இணைத்து வளையமாக்குகிறது. அதில் ஓடும் கரண்ட்தான் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் ஹம். எர்த்தை வெட்டினால் வளையம் அறும். ஆனால் உள்ளே இன்சுலேஷன் போய்விட்டால், ஃபியூஸ் போகாமலே பெட்டியில் கரண்ட் நிற்கும். கிட்டார் கம்பியும் மைக்கின் வலையும் அந்தப் பெட்டியோடு சேர்ந்த அதே கிரவுண்டில்தான் இருக்கின்றன. பாடுகிறவரின் உதடு படுவது அங்கேதான்.

சந்தேகம் இருந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரில் எர்த் பின்னுக்கும் பெட்டியின் பெயின்ட் இல்லாத திருகுக்கும் இடையே அளந்து பாருங்கள். சுமார் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் குறி போட்ட சாதனங்களுக்கு மட்டும் எர்த் தேவையில்லை.

இன்னொரு ஏமாற்று, ‘ஹம் ஃபில்டர்’ என்று விற்கும் பவர் பெட்டி. அது லைனில் வரும் உயர் அதிர்வெண் இரைச்சலைத்தான் குறைக்கும். வளையம் ஷீல்டு வழியாக ஓடுகிறது, பெட்டி அதைத் தொடுவதே இல்லை.

முறையாகச் செய்பவர் முதலில் எல்லாக் கேபிளையும் உருவிவிட்டு, இன்டர்ஃபேஸில் (மைக், கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி) ஹெட்ஃபோன் மட்டும் வைத்துக் கேட்பார். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுவார். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் ஹம் நின்றால் வளையம் சார்ஜர் வழியாக வருகிறது. கிட்டாரைக் கையில் பிடித்தபடி திரும்பும்போது ஹம் ஏறி இறங்கினால் அது பிக்கப் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காயில்) வாங்கும் காந்தப்புலம். அதற்கு ஐசோலேட்டர் (வளையத்தை அறுக்க லைனின் இடையே போடும் டிரான்ஸ்ஃபார்மர்) விற்பவரை நம்பாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர், அடாப்டர் பக்கத்திலிருந்து தள்ளி உட்கார்ந்தாலே பாதி குறையும்.

வளையம்தான் என்று உறுதியானால், எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் லைன் இரு முனையும் பேலன்ஸ்டாக (சிக்னலுக்கு இரண்டு ஒயர், ஷீல்டு தனி) இருக்கட்டும். அதற்கும் அடங்காவிட்டால் இடையே 1:1 ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். கிட்டார், கீபோர்டுக்கு கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலைப் பேலன்ஸ்டாக மாற்றும் பெட்டி). அந்த லிஃப்ட் சிக்னல் கிரவுண்டைத்தான் பிரிக்கிறது, மெயின்ஸ் எர்த்தைத் தொடுவதில்லை. கட்டைவிரல் அளவு மலிவு ஐசோலேட்டர்களில் கோர் (டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு நடுப்பகுதி) சிறியது: ஹம் போகும், பேஸும் சேர்ந்து போகும். 40 ஹெர்ட்ஸ் டோனைச் சத்தமாக அனுப்பிக் கேட்டால் உடைவது தெரியும். கண்டென்சர் மைக் லைனில் ஐசோலேட்டர் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் ஃபேன்டம் பவர் அதைத் தாண்டாது.

பணம் கொடுக்குமுன் கெயினை (உள்ளே வரும் சிக்னலின் அளவு) மாற்றாமல் 30 விநாடி மௌனத்தை ரெக்கார்ட் செய்து, ரிப்பேருக்கு முந்தைய பதிவோடு ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வெண்வாரியாக அளவு காட்டும் வரைபடம்) ஒப்பிடுங்கள். மெயின்ஸ் அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் உச்சங்கள் இறங்கியிருக்க வேண்டும். பிறகு ரிப்பேர் செய்தவர் எதிரிலேயே ஒவ்வொரு ப்ளக்கையும் திறந்து பாருங்கள்.