அப்பாவின் பட்டறைச் சாமான் விற்கப் போகிறீர்களா? 1,60,000 ரூபாய் போனவள் எழுதுகிறேன்

பழைய மெஷின் வாங்க வருகிறேன் என்று பாண்டியிலிருந்து யாராவது கடலூருக்கு வந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் கேட்டைத் திறங்கள். எங்களுக்குப் போனது 1,60,000 ரூபாய். ஆள் பேர் போடவில்லை, ஆப் பேரும் போடவில்லை. பழைய சாமான் வாங்க விற்க என்று எல்லோர் போனிலும் இருக்கிற வகைதான். நடந்ததை முழுக்கச் சொல்லிவிட்டு, விற்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

அப்பா பாண்டி ஏ.எஃப்.டி. துணி மில்லில் டர்னர், இரும்பு கடைகிற வேலை. ரிட்டயர் ஆனதும் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுப் பின்பக்கம் ஷெட் போட்டு, இரும்பைச் சுழலவிட்டுக் கடைகிற நாலரை அடி லேத் மெஷின் ஒன்று இறக்கினார். அப்புறம் பில்லர் டிரில், வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர், பெஞ்ச் கிரைண்டர், வைஸ் எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. முதுநகர் துறைமுகத்திலிருந்து போட் இன்ஜின் புஷ் கடையக்கூட அவரைத் தேடி வருவார்கள். 2011 டிசம்பர் 30, தானே புயலில் ஷெட் கூரை பிய்ந்துகொண்டு போனபோது, வீட்டுக்குள் தண்ணீர் வருவதை விட்டுவிட்டு லேத்தின் பெட்டில், அதாவது நீளமான அடிப்பாகத்தில், கிரீஸ் அப்பித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர். அம்மா அதைச் சொல்லி இன்றைக்கும் திட்டுவாள்.

போன வருஷம் அப்பா போய்விட்டார். அம்மாவை என்னோடு சென்னைக்குக் கூட்டி வந்துவிட்டு வீட்டை வாடகைக்கு விடலாம் என்று முடிவு. உள்ளூரில் கேட்டால் எல்லோரும் கிலோ கணக்குதான் பேசினார்கள். ஒருத்தன் மைக்ரோமீட்டரையும் வெர்னியரையும் தூக்கித் தராசில் போடப் பார்த்தான். 0.01 மில்லிமீட்டர் அளக்கிற சாமானுக்கு இரும்பு விலை! அந்த எரிச்சலில்தான் எல்லாவற்றையும் படம் எடுத்து ஆப்பில் போட்டேன்.

அப்போது வந்தவன் இவன். நாற்பது வயசு இருக்கும். பாண்டி மேட்டுப்பாளையம் பக்கம் பழைய மெஷின் வாங்கி விற்பதாகச் சொன்னான். ஷெட்டுக்குள் வந்ததும் விலை பேசவில்லை. லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற சக் பக்கம்தான், வெட்டுகிற டூலைத் தாங்கும் கேரேஜ் அதிகம் ஓடும், பெட் தேய்ந்திருந்தால் அங்கேதான் தெரியும். நேராக அந்த இடத்துக்குப் போய் நகத்தால் வருடிப் பார்த்தான். சக்கைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, குனிந்து பேரிங் சத்தத்தைக் கேட்டான். மைக்ரோமீட்டர் பெட்டியைத் திறந்தவன், தொடுவதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "பெரியவர் மெஷினப் புள்ள மாதிரி வச்சிருந்திருக்காரும்மா" என்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போய்விட்டாள். அந்தக் காபி அவன் தொண்டையில் எப்படித்தான் இறங்கியதோ.

மொத்தம் 1,85,000 என்று முடிந்தது. அட்வான்ஸ் 25,000 ரொக்கமாக, அம்மா கையில் எண்ணிக் கொடுத்தான். பாக்கி 1,60,000 லோடு ஏற்றும் அன்றைக்கு.

ஞாயிற்றுக்கிழமை பார்த்து வண்டி கொண்டுவந்தான். லேத்துக்கு அடியில் பைப் உருளை போட்டுத் தள்ளி, செயின் பிளாக் மாட்டித் தூக்கி ஏற்றவே மத்தியானம் தாண்டிவிட்டது. டூல் பிட், டேப், டை, ஸ்பேனர் எல்லாம் சாக்கு மூட்டையில். எல்லாம் ஏறிய பிறகு ஒரு பேப்பரை எடுத்தான். "ஆல்பேட்டை செக்போஸ்ட்ல புடிச்சா கேப்பாங்கக்கா, பழைய சாமான் வித்ததா ஒரு கையெழுத்து வேணும்." ரெவின்யூ ஸ்டாம்ப்கூட ஒட்டித் தயாராக வைத்திருந்தான். அதில் '1,85,000 ரூபாய் பெற்றுக்கொண்டு' என்று ஒரு வரி. இதோ இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்று போனை எடுத்துத் தட்டிக்கொண்டே நீட்ட, அம்மா கையெழுத்துப் போட்டாள்.

பணம்? யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போகாதாம், அதிலும் காலையில் வேறு யாருக்கோ அனுப்பி லிமிட் முடிந்துவிட்டதாம். அதனால் வங்கிக்கு வங்கி பணம் அனுப்புகிற என்.இ.எஃப்.டி.யில் போட்டுவிட்டேன் என்று ஸ்கிரீனைக் காட்டினான். பச்சை டிக், அம்மா பேர், 1,60,000, கீழே ஒரு நம்பர். "ஞாயித்துக்கிழமைக்கா, நாளைக்குக் காலைல பேங்க் தொறந்ததும் ஏறிடும்." அம்மாவின் அக்கவுண்டுக்கு வரும் எஸ்எம்எஸ் இன்னும் அப்பா நம்பருக்குத்தான் போகிறது, அந்த சிம் கட்டாகிக் கிடக்கிறது. இதைப் பேச்சுவாக்கில் முதல் நாளே அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான், படுபாவி.

திங்கட்கிழமை ஏறவில்லை. "சர்வர் பிராப்ளம்கா." அப்புறம் "என் பேங்க்ல பேசிட்டிருக்கேன்." அப்புறம் "வண்டி ஓட்டிட்டிருக்கேன், அப்புறம் கூப்புடறேன்." அப்புறம் போனை எடுப்பதே இல்லை. வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால், "அதான் பணம் வாங்கிட்டேன்னு உங்கம்மா கையெழுத்துப் போட்டிருக்காங்களே, திரும்பக் கூப்டீங்கன்னா வக்கீல் நோட்டீஸ் விடுவேன்" என்றான். அக்கா என்கிற வார்த்தை அன்றோடு காணாமல் போய்விட்டது.

அம்மாவின் வங்கியில் ஒரு பொண்ணு அந்தப் படத்தைப் பார்த்த உடனே சொல்லிவிட்டாள், இது டுபாக்கூர் என்று. என்.இ.எஃப்.டி. என்றால் யு.டி.ஆர். என்கிற பரிவர்த்தனை நம்பரில் எழுத்தும் எண்ணுமாக 16 இருக்குமாம், ஆரம்பத்தில் அனுப்பிய வங்கியின் குறியீடு வரும். அவன் காட்டியதில் வெறும் 12 எண். ஞாயிற்றுக்கிழமைக் கதையும் பொய். 2019 டிசம்பரிலிருந்தே என்.இ.எஃப்.டி. ராத்திரி பகல், லீவு நாள் எல்லாம் ஓடுகிறது, அரை மணிக்கு ஒரு முறை பணம் ஏறும். அவனுக்கும் இது தெரியும், தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை வந்தான்.

போலீஸ் கதை இன்னும் மோசம். கடலூரில் ஒரு ஸ்டேஷனில், "ஆளு பாண்டி, வண்டி பாண்டி, அங்க போய்க் குடுங்க" என்றார்கள். பாண்டியில், "சாமான் ஏத்துனது கடலூர், அது தமிழ்நாடு" என்றார்கள். நடுவில் இருப்பது ஒரு பெண்ணையாற்றுப் பாலம், அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுபத்தெட்டு வயசு அம்மாவை இழுத்துக்கொண்டு அலைகிறேன். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்க வேண்டும் என்று பிஎன்எஸ்எஸ் என்கிற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவிலேயே இருக்கிறது என்று சொன்னதற்கு, "இது சிவில் மேட்டரும்மா, கையெழுத்து வேற போட்டிருக்கீங்க" என்று பதில். சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குப் போன் செய்தால், உங்கள் அக்கவுண்டிலிருந்து பணம் எதுவும் போகவில்லையே என்கிறார்கள். ஆமாம், போகவில்லை. வர வேண்டிய 1,60,000 வரவில்லை, அரை டன் லேத் போயிருக்கிறது. இதற்கு எந்தப் பட்டனை அமுக்க வேண்டுமோ தெரியவில்லை.

நேற்று ராத்திரி அதே ஆப்பில் எங்கள் லேத் விற்பனைக்கு வந்திருக்கிறது. வேறு பேர், வேறு நம்பர், படம் மட்டும் நான் எடுத்த அதே படம். பின்னால் எங்கள் ஷெட் சுவர், அதில் அப்பா சாக்பீஸில் எழுதிய ஆர்பிஎம் கணக்கு, மெஷின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று. விலை 1,40,000. புகார் கொடுத்தேன். 'இந்த விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை' என்று பதில் வந்தது, ஒரு ஸ்மைலியோடு.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லை. உங்கள் பாஸ்புக்கிலோ பேங்க் ஆப்பிலோ ஏறியதை நீங்களே பார்த்த பிறகு லோடு ஏற்றுங்கள், அதுவரை செயின் பிளாக்கைத் தொடவே விடாதீர்கள். பணம் வருவதற்கு முன் 'பெற்றுக்கொண்டேன்' என்று எதிலும் கையெழுத்து வேண்டாம், செக்போஸ்ட் கதை சொன்னாலும் சரி. ஆதார் காப்பி வாங்குங்கள். வண்டி நம்பரைப் படம் எடுங்கள், நான் எடுத்திருக்கிறேன், அது ஒன்றுதான் இப்போது கையில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி பக்கம் பட்டறை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: பச்சை பெயிண்ட் அடித்த நாலரை அடி லேத், சக்குக்கு எதிர்முனையில் இருக்கிற டெயில்ஸ்டாக் கைப்பிடி அடியில் வரிசையாக மூன்று சென்டர் பஞ்ச் புள்ளி இருக்கும். ஸ்பேனர், வைஸ் எல்லாவற்றிலும் அதே மூன்று புள்ளி, அப்பா போடுகிற அடையாளம். விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள், எனக்கு இன்பாக்ஸில் ஒரு வரி போடுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தாலும் பரவாயில்லை, உங்களிடம் சண்டைக்கு வர மாட்டேன். யாரிடம் வாங்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.