விளையாட்டுவழிக் கற்றல் பயிற்சி: இரண்டு கல்வியாண்டு கழித்து

சேலத்தில் நடந்த விளையாட்டுவழிக் கற்றல் பயிற்சிக்கு எங்கள் ஏற்காடு மழலையர் பள்ளியிலிருந்து நானும் இன்னொரு டீச்சரும் இறங்கிப் போய்வந்தோம். முடிந்த வாரமே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். இப்போது மூன்றரைதான்.

நின்று நிலைத்தது, அறையை மாற்றி அடுக்கியது. முன்பு அலமாரி எல்லாம் சுவரோரம், நடுவில் நீளமான வெற்றிடம். அப்படி வழி கிடைத்தால் மூன்று வயதுப் பிள்ளை ஓடாமல் என்ன செய்யும்? இரண்டு குட்டை அலமாரிகளைக் குறுக்கே திருப்பிப் போட்டோம். ஓட்டம் குறைந்தது, எங்கள் கத்தலும்தான். புத்தக மூலைக்குப் பக்கத்திலிருந்த மரக்கட்டைகளைச் சொப்புச் சாமான் அருகே நகர்த்தினோம். இப்போது கட்டைகள் இட்லியாகவும் கேஸ் சிலிண்டராகவும் அங்கே போய்விடுகின்றன.

பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் விதங்களை 1932இல் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வகைப்படுத்தியதை ஒரு மதியம் முழுக்க நடத்தினார்கள். தூக்கம் வந்தது உண்மை. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவதும் ஒரு படிநிலைதான் என்று புரிந்தபின், "அவனுக்கும் கொடு" என்று பிடுங்கிக் கொடுப்பதை விட்டுவிட்டோம். எதை வாங்கினாலும் ஒரே மாதிரி இரண்டு வாங்குகிறோம். அழுகை பாதியானது.

விலைக்கு வாங்காத பொருள்கள் பற்றிய வகுப்பும் உருப்படியானது. ஓரிடத்தில் மாற்றிப் பயன்படுத்தக்கூடிய பொருள்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் புதிதாகச் செய்து பார்ப்பதும் கூடும் என்று சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1971இல் சொன்னது இதற்கு அடிப்படை. எங்களிடம் சில்வர் ஓக் சருகு, பாக்குமட்டை, சேலத்து விசைத்தறிப் பட்டறைகளில் தூக்கிப்போடும் காலி நூல் கோன். கோன்தான் எல்லாருக்கும் செல்லம். காப்பிக்கொட்டை மட்டும் சின்னதுகள் இருக்கும்போது கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும்; மூக்கில் போட்டுக்கொள்ளும்.

இனி குறை. காட்டிய வீடியோக்களில் எல்லாம் பெரிய கூடம், பச்சைப் புல்வெளி. மணல்தொட்டி போடச் சொன்னார்கள். மலைமேல் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் மாதங்களுக்கு வழி சொல்லவில்லை. கையேடு முழுக்க ஆங்கிலம். "இன்னும் அ, ஆ எழுத ஆரம்பிக்கலீங்களா டீச்சர்?" என்று கேட்கும் அம்மாவுக்கு என்ன பதில் என்பதும் அதில் இல்லை. மூன்று முதல் எட்டு வயதுக்கு விளையாட்டுவழிதான் என்று 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகமே சொல்கிறது என்பதை நானாகத் தேடிப் படித்துத்தான் பேச ஆரம்பித்தேன்.

பெரிய குறை ஒன்று. ஆயாம்மாவுக்கு அனுமதி இல்லை. அறையைக் காலையில் விரிப்பதும் மாலையில் ஒதுக்குவதும் அவர்தான். நாங்கள் பிள்ளை உயரத்தில் வைத்ததையெல்லாம் உடைந்துவிடும் என்று அவர் பத்திரமாக மேல்தட்டில் ஏற்றிவிடுவார். அவர் பார்வையில் அது சரிதானே! ஒரு பருவம் இப்படியே இழுபட்டது. பிறகு ஒரு சனிக்கிழமை அவரையே உட்காரவைத்து, பயிற்சியில் செய்ததை எல்லாம் செய்து பார்த்தோம். நூல் கோன் யோசனையே அதன்பின் அவர் சொன்னதுதான். அவர் தம்பி தறி ஓட்டுகிறார்.

பயிற்சி தந்தவர்கள் பிறகு வந்து எங்கள் அறையை எட்டிப் பார்க்கவே இல்லை. இதுபோன்ற பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பள்ளிக்கு நேரில் வருவீர்களா, ஆயாம்மாவைக் கூட்டிவரலாமா?