மூன்று மலிவு ஹெட்போன்கள்: காதின் மேல் அமர்வதா, காதைச் சுற்றி மூடுவதா?

குறைந்த விலையில் ஒயர் இல்லாத ஹெட்போன் தேடுபவர் கண்ணில் திரும்பத் திரும்பப் படும் பெயர்களில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: சோனியின் டபிள்யூஎச்-சிஎச்520, ஜேபிஎல்லின் டியூன் 520பிடி, ஆங்கர் நிறுவனத்தின் சவுண்ட்கோர் க்யூ20ஐ. பெட்டியில் அச்சிட்டிருப்பதைப் படித்தால் மூன்றும் உடன்பிறப்புகள் போலத் தெரியும். மூன்றும் தலைக்கு மேல் மாட்டுபவை. மூன்றும் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளோடு இணைந்திருக்கும். ஒலியைத் திருத்திக்கொள்ள மூன்றுக்கும் செயலி உண்டு.

உண்மையான பிரிவு அங்கே அச்சிடப்படாத இடத்தில் இருக்கிறது. சோனியும் ஜேபிஎல்லும் காதின் மேல் அமர்பவை. அவற்றின் மெத்தை காதை விடச் சிறியது, காது மடலை அழுத்தியபடி இருக்கும். சவுண்ட்கோர் காதைச் சுற்றி மூடுவது. மெத்தை காதைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள எலும்பின் மேல் உட்காரும். மற்ற எல்லா வித்தியாசங்களும் ஏறக்குறைய இதிலிருந்தே கிளைக்கின்றன. பேட்டரி எத்தனை மணி நேரம், புளூடூத் எத்தனையாவது பதிப்பு என்று ஒப்பிடுவதற்கு முன் இதை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அணிந்து பார்த்தால்

சோனியின் எடை 147 கிராம். ஜேபிஎல் அதை விடச் சற்றே கூடுதல், 157 கிராம். இரண்டையும் கழுத்தில் தொங்கவிட்டு மறந்துவிடலாம். சவுண்ட்கோர் இவற்றை விடக் கணிசமாகப் பெரியது, கனமானது, மாட்டியிருப்பது தெரியும்.

ஆனால் எடை குறைவு என்பதும் சுகம் என்பதும் ஒன்றல்ல. காதின் மேல் அமரும் ஹெட்போனில் மெத்தை நேராகக் குருத்தெலும்பை அழுத்துகிறது. முதல் அரை மணி நேரம் எதுவும் தெரியாது. ஒரு மணி நேரம் தாண்டியதும் சிலருக்குக் காது மடலின் மேல்விளிம்பு வலிக்கத் தொடங்கும். மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு இது இரட்டிப்பு, ஏனென்றால் மடலுக்கும் மண்டைக்கும் நடுவில் கண்ணாடியின் கம்பி மாட்டிக்கொள்கிறது. காதில் தோடு அணிபவர்களுக்கு அதன் திருகு பின்புறம் குத்தும். விமர்சனங்களில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பெரும்பாலான விமர்சகர்கள் தோடு அணிவதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

காதைச் சுற்றி மூடுவதில் இந்த வலி இல்லை. அதற்குப் பதிலாக வெப்பம். செயற்கைத் தோல் மெத்தை காற்றை விடாது. புழுக்கமான அறையில் கொஞ்ச நேரத்திலேயே காதைச் சுற்றி வியர்த்துவிடும். கண்ணாடி அணிந்தால் கம்பி நுழையும் இடத்தில் மெத்தை முழுதாக ஒட்டாமல் சிறு இடைவெளி விழும். அதன் வழியே தாழ்ந்த ஒலி கசிந்து, பேஸ் சற்று மெலிந்து கேட்கும். இவற்றில் எந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதை வாங்குபவரே முடிவு செய்ய வேண்டும். நாளுக்குப் பல மணி நேரம் தொடர்ந்து அணிபவர் என்றால் நான் வியர்வையைத் தேர்ந்தெடுப்பேன். கழற்றித் துடைத்துக்கொண்டால் போகும். அழுத்தி அழுத்தி நொந்த காதுக்கு அவ்வளவு எளிய மருந்து இல்லை.

இரைச்சல் நீக்கம் யாருக்கு

மூன்றில் இரைச்சலைக் குறைக்கும் மின்னணு வசதி சவுண்ட்கோரில் மட்டுமே உண்டு. ஒவ்வொரு காதுப்பக்கத்திலும் வெளியே ஒரு மைக்கும் உள்ளே ஒரு மைக்கும் சுற்றுப்புற ஒலியைக் கேட்கின்றன. அந்த ஒலி அலைக்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உருவாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. இந்த யோசனை புதிதல்ல. 1936-லேயே பால் லூக் என்ற ஜெர்மானியருக்கு இதற்கான அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. மலிவு ஹெட்போன் வரை இது இறங்கி வந்ததுதான் புதுமை.

எதிர் அலையை உருவாக்கக் கருவிக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அதனால் மாறாமல் ஒரே சீராக ஒலிக்கும் தாழ்ந்த இரைச்சல்தான் இதற்கு எளிய இரை: பஸ் எஞ்சினின் உறுமல், விமானத்தின் முழக்கம், ஏசியின் ரீங்காரம். பக்கத்து இருக்கையில் நடக்கும் பேச்சு, குழந்தையின் அழுகை, நாயின் குரைப்பு ஆகியவை திடீர் திடீரென்று மாறுபவை, உயர்ந்த அதிர்வெண் கொண்டவை. அவற்றை மெத்தையின் தடிப்பு எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவுதான். ‘இரைச்சல் நீக்கம்’ என்று படித்துவிட்டு அலுவலகப் பேச்சு முழுவதும் மறைந்துவிடும் என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவார். விலை உயர்ந்த ஹெட்போன்களிலும் பேச்சு முற்றாக மறைவதில்லை. மலிவானதில் எதிர்பார்ப்பை இன்னும் இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் தினமும் பஸ்ஸிலோ ரயிலிலோ நெடுநேரம் பயணம் செய்பவருக்கு இந்த வசதி ஆடம்பரம் அல்ல. எஞ்சின் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க நாம் அனிச்சையாக ஒலியளவைக் கூட்டுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பானது. அதுவே 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பத்து டெசிபல் கூடியதில் நேரம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பின்னணி உறுமல் அடங்கினால் பாட்டைக் குறைந்த ஒலியிலேயே ரசிக்கலாம் என்பதால், பயணிகள் விஷயத்தில் மற்ற இரண்டுக்கும் சவுண்ட்கோரோடு போட்டியே இல்லை.

வீட்டில் அமைதியான அறையில் கேட்பவருக்கு நிலைமை தலைகீழ். அழைப்பு மணி கேட்க வேண்டும், அடுப்பில் குக்கர் விசில் கேட்க வேண்டும் என்றால் சோனியும் ஜேபிஎல்லுமே வசதி. சவுண்ட்கோரில் வெளி ஒலியை உள்ளே விடும் முறை இருக்கிறது. ஆனால் மைக் வழியாக வரும் வெளி உலகம் கொஞ்சம் செயற்கையாகத்தான் ஒலிக்கும். காதின் மேல் அமர்பவற்றில் ஒலி இரு திசையிலும் கசியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நூலகத்தில் பக்கத்தில் இருப்பவர் உங்கள் பாட்டின் தாளத்தை எண்ண முடியும்.

ஒலி

ஜேபிஎல் தன் ஒலியமைப்பை ‘ப்யூர் பேஸ்’ என்றே அழைத்துக்கொள்கிறது. பேஸ் முன்னே நிற்கும். சவுண்ட்கோரும் அதே பக்கம்தான், கூடவே பேஸை மேலும் ஏற்றும் வசதி வேறு. சோனி இரண்டையும் விட நிதானம்: நடுப்பகுதி தெளிவாக இருக்கும், உச்ச ஒலிகள் சற்று அடங்கியிருக்கும். ஒலிக்கூறின், அதாவது உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் சிறு ஸ்பீக்கரின், அளவு சோனியில் 30 மில்லிமீட்டர், ஜேபிஎல்லில் 33, சவுண்ட்கோரில் 40. இந்த எண்களை வைத்து ஒலியின் தரத்தை ஊகிக்க வேண்டாம். பெரிய ஒலிக்கூறு என்றால் பெரிய இசை என்று பொருள் இல்லை. 

எதில் எப்படிக் கேட்கிறது என்று சோதிக்க ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போதும். தொப்பி எனப்படும் இடப்பக்கத்தின் ஆழ்ந்த கும்காரம் உருண்டு வந்து உடனே அடங்குகிறதா, அல்லது நீண்டு வலந்தலை எனப்படும் வலப்பக்கத்தின் சொற்களை விழுங்குகிறதா என்று கவனியுங்கள். பேஸ் மிகுந்த ஹெட்போனில் இரண்டாவதுதான் நடக்கும். மூன்றிலும் செயலியைத் திறந்து தாழ்ஒலியைக் குறைத்தால் நிலைமை தேறும். சவுண்ட்கோருக்கு இந்தத் திருத்தம் கட்டாயம் என்றே சொல்வேன். பேச்சு, பாடம், ஒலிப்புத்தகம் கேட்பவருக்குத் திருத்தமே இல்லாமல் சரியாக அமைவது சோனி.

பேட்டரி எண்களின் மாயை

சோனி 50 மணி நேரம், ஜேபிஎல் 57, சவுண்ட்கோர் இரைச்சல் நீக்கத்தோடு 40, அது இல்லாமல் 60. நிறுவனங்கள் சொல்லும் உச்ச அளவு இவை. ஒலியைக் கூட்டினால் குறையும். தினம் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு ஆண்டுக்கு 730 மணி நேரம். சோனியை ஆண்டில் பதினைந்து முறை சார்ஜ் செய்ய வேண்டும், ஜேபிஎல்லைப் பதின்மூன்று முறை. இந்த இரண்டு முறைக்காக யாரும் ஒரு ஹெட்போனை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டியதில்லை. சவுண்ட்கோரை எப்போதும் இரைச்சல் நீக்கத்தோடு வைத்திருந்தாலும் பதினெட்டு, பத்தொன்பது முறைதான்.

இந்தக் கணக்குக்கு வேறொரு பயன் உண்டு. இதே விலையில் இயர்பட்ஸ் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். ஒரு முறை சார்ஜ் செய்தால் ஆறு மணி நேரம் ஓடும் இயர்பட்ஸ், அதே பயன்பாட்டில் ஆண்டுக்கு 120 சார்ஜ் சுழற்சிகளைத் தாண்டும். லித்தியம் அயன் பேட்டரி சில நூறு சுழற்சிகளில் கண்கூடாகத் தளர்ந்துவிடும்; இயர்பட்ஸுக்குள் இருக்கும் துளியூண்டு பேட்டரியை மாற்றிக் கொடுப்பவர்கள் அரிது. தலையில் மாட்டும் ஹெட்போனில் பேட்டரி சாவதற்கு வெகு முன்பே மெத்தைத் தோல் உரிந்துவிடும், அதை மாற்றிக்கொள்ளலாம். சட்டைப்பையில் அடங்க வேண்டும், ஓடும்போது அணிய வேண்டும் என்றால் மட்டும் இயர்பட்ஸ். வியர்வையில் நனைவதற்காக இந்த மூன்றில் எதையும் செய்யவில்லை.

கணினியும் அழைப்பும்

மலிவு ஹெட்போன்களைப் பற்றிய புகார்களில் அதிகம் வருவது இதுவாக இருக்கும்: பாட்டு அருமையாகக் கேட்கிறது, மடிக்கணினியில் கூட்டத்துக்குள் நுழைந்ததும் எல்லாம் பழைய டெலிபோன் போல ஆகிவிடுகிறது. கருவியில் பழுது இல்லை. வழக்கமான புளூடூத்தில் இசைக்கு ஒரு முறை, அழைப்புக்கு வேறொரு முறை. மைக் இயங்கத் தொடங்கியதும் இணைப்பு அழைப்பு முறைக்குத் தாவுகிறது. ஸ்டீரியோ போய் ஒற்றை ஒலி ஆகிறது, கேட்கும் அதிர்வெண் 8,000 ஹெர்ட்ஸ், சில கருவிகளில் 4,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கக்கூடியது என்பதை நினைத்தால் இழப்பு எவ்வளவு என்று புரியும். இதில் மூன்றுக்கும் ஏற்றத்தாழ்வு இல்லை. மருந்தும் எளிது: கூட்டத்தில் ஒலி வெளியீட்டுக்கு ஹெட்போனையும் ஒலி உள்ளீட்டுக்கு மடிக்கணினியின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். உங்கள் குரலும் மற்றவர்களுக்கு இன்னும் நன்றாகக் கேட்கும்.

விளையாட்டில் இன்னொரு பிரச்சினை. புளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். வீடியோ செயலிகள் படத்தையும் அதே அளவு தாமதித்துச் சமாளித்துவிடுகின்றன. விளையாட்டில் அது முடியாது, சுட்ட பிறகுதான் சத்தம் கேட்கும். இங்கே சவுண்ட்கோருக்கு ஒரு தனி அனுகூலம்: அதில் 3.5 மில்லிமீட்டர் ஒயரைச் செருகலாம், தாமதம் போய்விடும். சார்ஜ் தீர்ந்துபோன நாளிலும் அது கைகொடுக்கும். சோனியிலும் ஜேபிஎல்லிலும் அந்தத் துளையே இல்லை; பேட்டரி தீர்ந்தால் அவை வெறும் தலைவளையங்கள்தான்.

புளூடூத் பதிப்பு எண்ணைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சோனி 5.2, ஜேபிஎல் 5.3, சவுண்ட்கோர் 5.0. பதிப்பு கூடியதால் மட்டும் பாட்டு இனிமையாகிவிடாது. பையில் எடுத்துச் செல்வது முக்கியம் என்றால் ஜேபிஎல்லும் சவுண்ட்கோரும் உள்நோக்கி மடங்கும். சோனியின் கிண்ணங்கள் தட்டையாகத் திரும்பும், மடங்காது.

யாருக்கு எது

பயணம் செய்பவருக்கும் விளையாடுபவருக்கும் கண்ணாடி அணிபவருக்கும் சவுண்ட்கோர். வீட்டிலோ வகுப்பிலோ துண்டு துண்டாகக் கேட்பவருக்கு, குறிப்பாகப் பேச்சும் பழைய பாட்டும் கேட்பவருக்கு, சோனி. ஜேபிஎல்லுக்கு இடம் இருக்கிறது, ஆனால் குறுகியது: லேசாக வேண்டும், மடங்க வேண்டும், பேஸ் அதிர வேண்டும் என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்பவர். சோனியை விட அது கணிசமாக மலிவாகக் கிடைத்தால் என் தயக்கம் குறையும். ஒரே விலை என்றால் சோனிதான்.

எதை வாங்கினாலும் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், உங்கள் கண்ணாடியோடும் தோட்டோடும் ஒரு முழுத் திரைப்படம் பார்த்துவிடுங்கள். காற்று வீசும் வெளியிடத்தில் நின்று ஒருவரோடு பேசி, உங்கள் குரல் எப்படிக் கேட்கிறது என்று அவரிடமே கேளுங்கள். போனையும் மடிக்கணினியையும் ஒன்றாக இணைத்து, ஒன்றில் பாட்டு ஓடும்போது மற்றதில் அறிவிப்பு ஒலி வந்தால் பாட்டு அறுபடுகிறதா என்று பாருங்கள். அதுவரை அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையையும் குப்பையில் போடாமல் வைத்திருங்கள்.