சனியா, ஞாயிறா, ரெண்டுமே இல்லையா? ஓய்வுநாள் பத்தி ஒரு அலசல்

ரங்கூன்ல நம்ம தமிழ் கிறிஸ்தவ வீடுகள்ல இது ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கிற வாக்குவாதம். அண்ணன் மெத்தடிஸ்ட் சபை, தங்கச்சி வாக்கப்பட்டுப் போனது சனிக்கிழமை ஆசரிக்கிற அட்வென்டிஸ்ட் வீடு, மச்சான் பெந்தெகோஸ்தே, இப்படி ஒரே குடும்பத்துல மூணு விதமா இருக்கும்போது ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கணும்னாலே சனிக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள்னு ஒருத்தர், ஞாயித்துக்கிழமை ஆராதனை இருக்கேன்னு இன்னொருத்தர், அப்புறம் ஆளாளுக்கு வேதத்த விரிச்சு ரெண்டு வசனம் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடறாங்க. முழுசா உக்காந்து பேசறதே இல்ல. அதனால ஒவ்வொரு கட்சியும் என்ன சொல்லுது, எங்க பலம், எங்க ஓட்டைன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம். என் முடிவ முதல்லயே சொல்லிடறேன், அப்பத்தான் நான் எந்தப் பக்கம் நின்னு பேசறேன்னு உங்களுக்குத் தெரியும்: சனிக்கிழமை ஆசரிக்கணும்ங்கிற கட்டளை கிறிஸ்தவன் மேல கடமையா விழல, ஆனா அதையே சாக்கா வச்சு ஓய்வையே மொத்தமா தூக்கிப் போட்டுட்டோமே நம்ம ஞாயிறு சபைக்காரங்க, அது அதவிடப் பெரிய தப்பு.

யூதர்கிட்ட இருந்து ஆரம்பிக்கிறது தான் நியாயம், ஏழாம் நாள் வேலை செய்யாம ஓஞ்சிருங்கிற கட்டளை அவங்ககிட்ட தான் முதல்ல வந்துச்சு. நம்ம ஊர் 26ஆம் தெருவுல முஸ்மியா யெஷுவா ஜெபாலயம் இன்னும் நிக்குது, 1890கள்ல பாக்தாத் வழியா வந்த யூத வியாபாரிங்க கட்டினது, யுத்தத்துக்கு முன்னாடி ரெண்டாயிரத்துக்கு மேல இருந்தவங்க 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப நம்ம ஆளுங்க மாதிரியே மூட்டையக் கட்டிக்கிட்டு ஓடினாங்க, இப்ப மிச்சம் இருக்கிறது விரல் விட்டு எண்ணிடலாம். அவங்களுக்கு ஓய்வுநாள்ங்கிறது வெள்ளிக்கிழமை சூரியன் மறையறதுல இருந்து சனிக்கிழமை ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரியிற வரைக்கும். மிஷ்னாங்கிற அவங்க சட்டத் தொகுப்புல அன்னைக்கு செய்யக் கூடாத 39 வகை வேலைய எழுதி வச்சிருக்காங்க, விதைக்கிறது, அறுக்கிறது, நெருப்பு மூட்டுறது, எழுதுறதுன்னு. சரி, அந்த யூதர்கள் மத்தவங்களையும் இத ஆசரிக்கச் சொல்றாங்களான்னு கேட்டா, இல்ல. யாத்திராகமம் 31ல இது எனக்கும் இஸ்ரவேல் புத்திரருக்கும் என்னைக்கும் அடையாளம்னு தேவன் சொல்றார், அத அவங்க அப்படியே நேரா எடுத்துக்கிறாங்க. எல்லா ஜனத்துக்கும் பொதுன்னு யூத போதகர்களான ரபிமார் சொல்ற நோவாவோட ஏழு கட்டளைகள்ல கொலை இருக்கு, திருட்டு இருக்கு, விக்கிரக ஆராதனை இருக்கு, ஓய்வுநாள் இல்ல. அதுக்கும் மேல போய், தல்மூத்ங்கிற அவங்க பெரிய விளக்க நூல்ல சன்ஹெத்ரின் பகுதியில, யூதன் அல்லாதவன் ஓய்வுநாள அவங்க மாதிரி ஆசரிக்கவே கூடாதுன்னு கடுமையா சொல்லியிருக்கு. சனிக்கிழமைக்காக வாதாடற நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு இது தெரியாது, தெரிஞ்சுக்கணும்.

ஆனா இதுக்கு எதிரா ஒரு வசனம் இருக்கு, அத மறைக்கக் கூடாது. ஏசாயா 56ல கர்த்தரைச் சேர்ந்துக்கிற அந்நிய புத்திரரும் ஓய்வுநாள ஆசரிச்சா என் பரிசுத்த பர்வதத்துக்குக் கொண்டு வருவேன்னு இருக்கு. யூத மார்க்கத்துக்குள்ள வந்து சேர்ந்தவங்களப் பத்தினது அதுன்னு ரபிமார் சொல்வாங்க, அட்வென்டிஸ்ட் பாஸ்டர் கேட்டா இது நம்மளப் பத்தினது தான்னு சொல்வார்.

இப்ப சனிக்கிழமைக்காரங்க கட்சி. இவங்கள நம்ம சபைகள்ல ரொம்ப லேசா பேசிடறாங்க, அது தப்பு, இவங்க வாதம் பலமான வாதம். ஓய்வுநாள் மோசேகிட்ட ஆரம்பிக்கல, ஆதியாகமம் 2ல தேவனே ஏழாம் நாள ஆசீர்வதிச்சாச்சு, அப்ப யூதனே கிடையாது. சீனாய் மலைக்கு வர்றதுக்கு முன்னாடியே யாத்திராகமம் 16ல மன்னா ஆறாம் நாள் ரெட்டிப்பா விழுது, ஏழாம் நாள் விழல. பத்துக் கட்டளைய கல்லுல எழுதிக் குடுத்திருக்கு, ஒம்பது கிறிஸ்தவனுக்கும் பொருந்தும் நாலாவது மட்டும் பொருந்தாதுன்னா எப்படின்னு கேக்கறாங்க. இயேசு வழக்கப்படி ஓய்வுநாள்ல ஜெபாலயத்துக்குப் போனார்னு லூக்கா 4 சொல்லுது. பவுல் அந்தியோகியாவுல, பிலிப்பியில, தெசலோனிக்கேயில, கொரிந்துல எல்லாம் ஓய்வுநாள்ல தான் போய்ப் பேசறார். இவங்க கேக்கற ஒரு கேள்விக்கு ஞாயிறு சபைகள்ல பதிலே இல்ல: நாள மாத்தினேன்னு புதிய ஏற்பாட்டுல ஒரு வசனம் காட்டுங்கன்னு கேக்கறாங்க. இல்ல. உண்மையிலேயே இல்ல.

இதுக்கு சரித்திரமும் உண்டு. 1600கள்லயே லண்டன்ல ஏழாம்நாள் பாப்டிஸ்ட்டுங்க இருந்தாங்க, அந்த சபையச் சேர்ந்த ரேச்சல் ஓக்ஸ்ங்கிற அம்மா தான் 1844 வாக்குல அமெரிக்காவுல இயேசுவோட ரெண்டாம் வருகைக்காகக் காத்திருந்த கூட்டத்துக்கு சனிக்கிழமையச் சொல்லிக் குடுத்தாங்க, 1863ல அது அட்வென்டிஸ்ட் சபையா அமைப்பாச்சு. பர்மாவுக்கும் அவங்க வந்து நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, மியாங்மியாவுல செமினரியே இருக்கு. அவங்க வீடுகள்ல நான் பாத்து மதிக்கிறது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தான், டிசம்பர்ல அஞ்சரைக்கே இருட்டிடும், ஜூன்ல ஆறே முக்கால் ஆயிடும், அதுக்கேத்த மாதிரி சமையல முடிச்சு துணிய தேச்சு பாத்திரத்தக் கழுவி வச்சுட்டு எல்லாரும் உக்காந்து பாட்டுப் பாடி ஆரம்பிக்கிறாங்க, அடுத்த நாள் கடையும் இல்ல கணக்கு வழக்கும் இல்ல. நம்ம எத்தன பேர் வீட்ல அப்படி ஒரு சாயங்காலம் இருக்கு?

ஆனாலும் இது கட்டாயம்னு சொல்றப்ப நான் நின்னுடறேன். அப்போஸ்தலர் 15ல எருசலேம்ல கூடிப் பேசினது இதே கேள்விக்குத் தான், புறஜாதியிலிருந்து வந்தவங்க மேல என்னென்ன சுமத்தறதுன்னு. விக்கிரகத்துக்குப் படைச்சது, ரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம், இத விட்டு விலகுங்கன்னு எழுதி அனுப்பினாங்க, ஓய்வுநாள் அந்தக் கடிதத்துல இல்ல. அதவிட எனக்குப் பெருசாப் படறது இன்னொன்னு. பவுல் சபைகள்ல பல பேர் அடிமைங்க, ரோமாபுரி எஜமான்கிட்ட வேலை செய்றவங்க, சனிக்கிழமை வேலைக்கு வரமாட்டேன்னு சொன்னா முதுகுத் தோல் உரிஞ்சிடும். சனிக்கிழமை கட்டாயமா இருந்திருந்தா இது அவங்களுக்கு உயிர் போற பிரச்சனை, அடிமைகளுக்கு அவ்வளவு புத்தி சொல்லி எழுதின பவுல் இதப் பத்தி ஒரு வரியாவது எழுதியிருப்பார். பாவங்களப் பட்டியல் போடற இடங்கள்லயும் ஓய்வுநாள மீறினவங்கன்னு ஒரு தடவை கூட எழுதல. எழுதினது கொலோசெயர் 2ல, பண்டிகை நாள், மாதப்பிறப்பு, ஓய்வுநாள் விசயத்துல ஒருத்தனும் உங்களக் குற்றப்படுத்த வேணாம்னு. அது வாரத்துல வர்ற ஓய்வுநாள் இல்ல, லேவியராகமம் 23ல வர்ற வருசப் பண்டிகை ஓய்வுன்னு அட்வென்டிஸ்ட்டுங்க பதில் சொல்றாங்க, ஆனா பண்டிகை, மாதப்பிறப்பு, ஓய்வுநாள்னு இதே மூணையும் சேத்து எசேக்கியேல் 45லயும் ஓசியா 2லயும் சொல்லியிருக்கு, வருசத்துக்கு ஒண்ணு, மாசத்துக்கு ஒண்ணு, வாரத்துக்கு ஒண்ணு. வருசப் பண்டிகைய முதல்லயே சொல்லியாச்சு, அப்புறம் மூணாவதா அதையே திரும்ப எதுக்கு சொல்லணும்? இந்த இடத்துல அவங்க பதில் எனக்கு நிக்கல.

ஞாயிறு கட்சிக்கு வருவோம். இதுலயே ரெண்டு வகை இருக்கு. ஞாயித்துக்கிழமை கூடி ஆராதிக்கிறது ஒண்ணு, ஞாயித்துக்கிழமை தான் இப்ப ஓய்வுநாள்னு சொல்றது இன்னொண்ணு. முதல் வகைக்கு ஆதாரம் நல்லாவே இருக்கு: இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள், துரோவாவுல சீஷருங்க அப்பம் பிட்கக் கூடினது முதல் நாள், கொரிந்து சபையில காணிக்கை எடுத்து வைக்கச் சொன்னது முதல் நாள். 150 வாக்குல ரோமாபுரியில யுஸ்தீன்ங்கிற கிறிஸ்தவ ஆசிரியர் நாங்க ஞாயித்துக்கிழமை கூடறோம்னு விவரமா எழுதியிருக்கார். அதனால ரோம ராஜா கான்ஸ்டன்டைனோ போப்போ தான் நாள மாத்தினாங்கன்னு சில சனிக்கிழமைக்காரங்க சொல்றது சரியில்ல, கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டது 321ல, அதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே கூடிக்கிட்டுத் தான் இருந்தாங்க.

ஆனா கூடினாங்களே தவிர அன்னைக்கு வேலையிலேருந்து ஓஞ்சிருக்கல. ரோம சாம்ராஜ்யத்துல ஞாயிறு சாதாரண வேலை நாள். 112 வாக்குல ரோம கவர்னர் பிளினி தன்னோட ராஜாவுக்கு எழுதின கடிதத்துல கிறிஸ்தவங்க குறிச்ச நாள்ல விடியறதுக்கு முன்னாடியே கூடிப் பாடறாங்கன்னு இருக்கு, துரோவாவுல பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசி ஐத்தீகு ஜன்னல்ல தூங்கி விழுந்ததும் ராத்திரிக் கூட்டம். வேலைக்கு முன்னாடியோ பின்னாடியோ தான் கூட முடிஞ்சிருக்கு. ஓய்வு சட்டமா வந்தது கான்ஸ்டன்டைன் காலத்துல, அதுலயும் பட்டணத்துக்காரங்களுக்குத் தான், விவசாயிக்கு வேலை செய்ய அனுமதி. அப்புறம் 360கள்ல சபைத் தலைவருங்க கூடின லவோதிக்கேயா சங்கம் சனிக்கிழமை ஓய்ந்திருக்காதீங்க, வேலை செய்யுங்கன்னு கிறிஸ்தவங்களுக்கு விதி போடுது, அப்படின்னா அது வரைக்கும் நிறைய பேர் சனிக்கிழமைய விடலன்னு தானே அர்த்தம். நாலாம் கட்டளையில ஏழாம் நாள எடுத்துட்டு முதல் நாள வச்சாச்சுன்னு கறாரா எழுதினது 1640கள்ல இங்கிலாந்துல வந்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை. 1813ல ரங்கூன்ல வந்து இறங்கின அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயர் பொறந்து வளந்த நியூ இங்கிலாந்து பக்கமும் இந்தப் போதனையில ஊறின இடம் தான், மிஷனரி சபைகள் வழியா நமக்கு வந்து சேர்ந்தது அது. நம்ம பாட்டிமாருங்க ஞாயித்துக்கிழமை சந்தைக்குப் போக மாட்டாங்க, ஊசி நூல் எடுக்க மாட்டாங்க. அந்தப் பயபக்திய நான் குறை சொல்லல, ஆனா வேதத்துல இருந்து நிரூபிக்கச் சொன்னா இந்தக் கட்சி தான் எல்லாத்துலயும் பலவீனம்.

எத்தியோப்பியா கிறிஸ்தவங்க ரெண்டு நாளையும் வச்சுக்கிட்டாங்க. 1300கள்ல எவோஸ்தாதேவோஸ்னு ஒரு துறவி சனிக்கிழமைக்காகப் போராடினார், 1450ல ஸரா யாக்கோப் ராஜா காலத்துல சனியும் ஞாயிறும் ரெண்டுமே ஓய்வுநாள்னு முடிவு பண்ணாங்க. அழகான வழி தான், ஆறு நாள் வேலை பாத்தாத் தான் சோறுங்கிறவனுக்கு நடக்காது.

கடைசிக் கட்சி எந்த நாளும் கட்டாயம் இல்லங்கிறவங்க. ரோமர் 14ல ஒருத்தன் ஒரு நாள விசேஷமா எண்ணுறான், இன்னொருத்தன் எல்லா நாளையும் சரியா எண்ணுறான், அவனவன் தன் மனசுல நிச்சயமா இருக்கட்டும்னு பவுல் சொல்றார். எபிரெயர் 4ல தேவனோட ஜனங்களுக்கு இளைப்பாறுதல் இனிமேல் இருக்குன்னு சொல்றது ஒரு கிழமையத் தாண்டின விசயம். லுத்தரன்மாருங்க 1530ல தங்களோட விசுவாச அறிக்கையான ஆக்ஸ்பர்க் அறிக்கையிலயே ஓய்வுநாளுக்குப் பதிலா ஞாயிறு கட்டாயம்னு நெனைக்கிறது தப்புன்னு வெளிப்படையா எழுதிட்டாங்க. வேதத்தப் பொறுத்தவரைக்கும் நானும் இங்க தான் நிக்கிறேன்.

ஆனா நடைமுறையில இந்தக் கட்சி என்ன ஆயிடுச்சுன்னு பாருங்க. எல்லா நாளும் பரிசுத்தம்னு சொல்லிட்டு எல்லா நாளும் வியாபாரம். ஞாயிறு காலைல சபையில கைய உயர்த்திப் பாடிட்டு ஆராதனை முடிஞ்ச உடனே குடும்பத்தோட டீக்கடைக்குப் போறோம், அங்க கிளாஸ் எடுத்துக்கிட்டு ஓடற பையனுக்கு பன்னெண்டு பதிமூணு வயசு இருக்கும், ஊர்ல இருந்து கூட்டிட்டு வந்து விட்டிருப்பாங்க, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு ராத்திரி கடை கழுவற வரைக்கும், வாரத்துல ஒரு நாள் கூட லீவு இல்லாம. நம்ம வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணுக்கும் பல வீடுகள்ல அதே நெலமை தான். 2016ல வந்த கடைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரு நாள் லீவுன்னு சொல்லுது, சட்டம் இருந்து என்ன. உபாகமம் 5 எடுத்துப் படிங்க. யாத்திராகமம் 20ல கட்டளைக்குக் காரணம் சிருஷ்டிப்பு, உபாகமத்துல காரணமே வேற: உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்ன மாதிரியே இளைப்பாறணும், நீ எகிப்துல அடிமையா இருந்தத நெனச்சுக்கோ. மாடு கழுதைக்குக் கூட அங்க ஓய்வு எழுதியிருக்கு. ஓய்வுநாள் எப்ப முடியும், எப்ப கோதுமை விக்கலாம்னு அவசரப்பட்ட வியாபாரிங்கள ஆமோஸ் 8 திட்டறது ஏழைங்கள நசுக்கறதோட சேத்துத் தான். பதினெட்டு வருசம் கூனியா இருந்த அம்மாவ இயேசு ஓய்வுநாள்ல நிமிர்த்தினப்ப, இவள இந்தக் கட்டுல இருந்து ஓய்வுநாள்ல அவுத்து விட வேண்டியதில்லையான்னு தான் கேட்டார். கொலோசெயர் 2ல பவுல் ஓய்வுநாள வரப்போற காரியத்தோட நிழல்னு சொல்றார், கிழமை நிழல்னா சரி, ஒத்துக்கிறேன். வேலைக்காரனுக்குக் குடுக்க வேண்டிய ஓய்வு நிழல்னு எந்த அப்போஸ்தலனும் எழுதல.

கப்பல்ல கூலிகளா இந்த மண்ணுல வந்து இறங்கி, நெல் வயல்லயும் துறைமுகத்துலயும் முதுகொடிஞ்சவங்களோட பேரப்பிள்ளைங்க நாம, எகிப்த நெனச்சுக்கோன்னு நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.

அதனால சனியா ஞாயிறான்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது இது தான். சனிக்கிழமை ஆசரிக்கிறவங்க தாராளமா ஆசரிக்கட்டும், ஆனா மத்தவன் இரட்சிப்ப அத வச்சு அளக்கக் கூடாது. ஞாயிறுக்காரங்க அவங்களப் பாத்து நியாயப்பிரமாணத்துக்குக் கீழ போயிட்டாங்கன்னு பேசறத நிறுத்தணும். லைங்தாயா பக்கம் தையல் ஃபேக்டரிகள்ல பெரும்பாலும் திங்கள்ல இருந்து சனி வரைக்கும் வேலை, ஞாயிறு லீவு, அங்க வேலை பாக்கிற அட்வென்டிஸ்ட் பொண்ணு ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமைக்கு லீவு கேட்டு சூப்பர்வைசர் முன்னாடி நிக்கிறா. சூப்பர்வைசரா, கணக்குப்பிள்ளையா நம்ம சபை ஆளு இருந்தா அவளுக்கு ஞாயித்துக்கிழமை வேலையப் போட்டு சனிய விட்டுக் குடுக்கலாம். கடை வச்சிருக்கிறவங்க பையங்களுக்கு சம்பளம் பிடிக்காம வாரத்துக்கு ஒரு முழு நாள் குடுங்க, அது செவ்வாயா இருந்தாலும் பரவாயில்ல. வீட்டு வேலைக்கு ஆள் வச்சிருக்கிறவங்க இந்த ஞாயிறு சபையில இருந்து வந்து நீங்களே சமைங்க, அந்தப் பொண்ண காலையிலயே அவ வீட்டுக்கு அனுப்பிடுங்க.