கேரம் போர்டு, ஒரு நாற்பது பக்க நோட்டு: திருச்சி பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தின் கவுன்சலிங்

மையத்தின் பெயரைப் போடவில்லை. அக்கா மகன் இன்னும் அங்கே ஃபாலோ-அப்புக்குப் போகிறான், எங்கள் ஊரும் சின்னது. வயது 16. டேபென்டடால் என்கிற வலி மாத்திரையைப் போதைக்காகப் போட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குத் தெரியவந்தபோதே எட்டு மாதம் ஓடியிருந்தது.

இது இரண்டாவது இடம். முதலில் சேர்த்த இடத்தின் நோட்டீஸில் 'தினமும் கவுன்சலிங்' என்று போட்டிருந்தது. போய்ப் பார்த்தால், ஐம்பது வயதுக் குடிநோயாளிகளோடு இவனையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து, ஒருவர் மைக்கைப் பிடித்து அம்மா பட்ட பாட்டைச் சொல்லி எல்லோரையும் அழவைப்பார், அவ்வளவுதான். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத்தான் வைக்க வேண்டும், கூடவே துணைக்கு ஆள் இருக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது, எனக்கு அப்போது தெரியாது. இருபது நாளில் பையன் அங்கே கற்றுக்கொண்டது மாத்திரை வேறு எங்கெல்லாம் கிடைக்கும் என்பதைத்தான்.

இந்த இடத்தில் அக்காவையும் கூடவே தங்கச் சொன்னார்கள். முதல் வாரம் உடம்பு வலி, மூக்கொழுகல், தூக்கமே இல்லை. அதற்கு டாக்டர் மருந்து கொடுத்தார். கவுன்சலர் மேடம் எட்டிப் பார்த்து, "உடம்பு அடங்கட்டும் தம்பி, அப்புறம் பேசலாம்" என்று போய்விட்டார். அடுத்த வாரமும் போதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மேடமும் அவனும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். காசு கட்டியவன் எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

இன்னொன்றிலும் எனக்குக் கோபம். பையன் பேசியதை எங்களிடம் சொல்ல மாட்டேன் என்றார் மேடம். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வாராம், அதையும் அவன் முன்னாலேயே சொல்லிவிட்டார். "பெத்தவளுக்கே சொல்ல மாட்டீங்களா?" என்று அக்கா சண்டைக்கே போனாள். ஆனால் அதற்கப்புறம்தான் அவன் வாய் திறந்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, மாத்திரை ஞாபகம் வரும்போதெல்லாம் மணி என்ன, அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். அந்த நினைப்பு ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், தானே இறங்கும், அதுவரை சமாளித்தால் போதும் என்று பழக்கினார். மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டியபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் தனியாகத் தெரிந்தது. அத்தான் சவூதியில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை லீவு, அன்றைக்குத்தான் போன் வரும். எடுத்ததும் மார்க், சித்தப்பா பையனோடு ஒப்பீடு, நான் யாருக்காக இங்கே வெயிலில் கிடக்கிறேன் என்கிற பேச்சு. நாங்களோ இத்தனை நாளும் கெட்ட சகவாசம் என்று இரண்டு பையன்கள் வீட்டு வாசலில் போய்க் கத்திக்கொண்டிருந்தோம்.

இதை மேடம் சொல்லவில்லை, வீடியோ காலில் அப்பாவையும் வைத்துக்கொண்டு அவனே சொன்னான். அத்தான் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் இரண்டு வெள்ளிக்கிழமை போனே பண்ணவில்லை. அதுவும் தப்பு என்று மேடம் அவரைக் கூப்பிட்டு, பேசுங்கள், முதல் பத்து நிமிஷம் படிப்பை மட்டும் எடுக்காதீர்கள் என்றார்.

குறைகளும் உண்டு. வாரத்தில் இரண்டே முறைதான் தனி கவுன்சலிங். நடுவில் மேடம் லீவில் போனதும் வேறொருவரை அனுப்பினார்கள், பையன் பத்து நாள் வாயை மூடிக்கொண்டான், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஃபாலோ-அப் ஞாயிறு மட்டும், டோக்கன் வாங்கி மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். ராத்திரியில் போன் எடுக்க ஆள் கிடையாது. ஒரு நாள் இரவு அவன் நிலைகொள்ளாமல் இருந்தபோது 14416-க்குத்தான் அடித்தோம், அரசின் டெலி மானஸ் இலவச எண், தமிழிலேயே பேசினார்கள்.

கவுன்சலிங்குக்கு நாலரை ஸ்டார், நிர்வாகத்துக்கு இரண்டு. வீட்டுக்கு வந்து இரண்டாவது மாதம் ஒரு தடவை மறுபடி மாத்திரை போட்டுவிட்டான். நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை அவனே நோட்டை எடுத்துக்கொண்டு போய் மேடத்திடம் காட்டியிருக்கிறான்.