முட்டைக்கு நிற்கும் விடை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளங்கோழி) என்று சொல்லிக் கழித்துவிட்ட கோழியைத் தலையில் கட்டிவிடுகிறார்கள், கவனம்

தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பி வலைக்குள் பளபளவென்று சிவப்புக் கோழிகள் ஓடும். "நாலரை மாசக் கோழிங்க, தடுப்பூசி எல்லாம் முடிஞ்சது, பதினஞ்சு நாள்ல முட்டை, வீட்டுக்கே டெலிவரி" என்று ஒரு குரல் பேசும். கோழி ஒன்று 420 ரூபாய். அதை நம்பிப் பத்துக் கோழி எடுத்த குடும்பம் எங்களுடையது. வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

வந்தவை பி.வி. 380 ரகம்தான். பழுப்பு முட்டை இடும் நல்ல ரகம், அதில் பொய்யில்லை. பொய் வயதில். முட்டைப் பண்ணைகளில் பொதுவாகக் கோழிக்கு 72 முதல் 80 வார வயதாகும் வரை முட்டை எடுப்பார்கள். இடுவது குறைந்ததும் கறிக்குக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்த கோழிகளைத்தான் விடைக்கோழி விலைக்கு எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

வண்டி வந்தது இருட்டிய பிறகு. பகலில் வரச் சொன்னதற்கு "வெயில்ல கோழி தாங்காதுங்க" என்றார்கள். சரி, விடியற்காலையில் வரலாமே என்றால் பதில் இல்லை. கிரேட் பெட்டியிலிருந்து இரண்டிரண்டாகக் காலைப் பிடித்துத் தூக்கிக் கூட்டுக்குள் விட்டு, ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள், வரவேயில்லை. ஒரு மூட்டை முட்டைக்கோழித் தீவனத்தையும் விற்றுவிட்டு, "உங்க நாட்டு விடைக்கும் இதையே போடுங்கக்கா, சீக்கிரம் முட்டைக்கு வந்துரும்" என்று யோசனை வேறு.

மறுநாள் காலையிலேயே கூட்டில் ஒரு முட்டை கிடந்தது. அதை எடுத்துப் பார்த்ததும் அத்தை முகம் மாறிவிட்டது. முதல் முட்டை இடும் கோழி இவ்வளவு பெரிதாக இடாது என்றார். சமையலறைத் தராசில் 68 கிராம் காட்டியது. இந்த ரகத்தில் முதல் முட்டைகள் பெரும்பாலும் 40, 45 கிராம்தான் இருக்கும். இந்த முட்டையின் ஓடு மெலிந்து, ஒரு பக்கம் மணல் ஒட்டியதுபோல் சொரசொரவென்று இருந்தது. வயதான கோழியின் முட்டை பெரிதாகவும் ஓடு மெல்லியதாகவும் இருக்கும்.

எங்களிடம் அடைவைத்துப் பொரித்த நாட்டு விடைகள் ஏழு இருக்கின்றன. ஐந்து மாதம் முடிந்து அவையும் முட்டைக்கு வருகிற நேரம். அதனால் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. எங்கள் விடைகளுக்குக் கொண்டை சின்னதாக, இப்போதுதான் வெளுப்பிலிருந்து சிவப்புக்கு மாறுகிறது. மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து இடம் பார்க்கின்றன, கேறிக்கொண்டே திரிகின்றன, முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்கார்கின்றன. வாங்கியவற்றுக்குக் கொண்டை பெரிதாக ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. தீவனத் தொட்டியில் உரசி உரசிக் கழுத்தின் முன்பக்கம் இறகு தேய்ந்திருந்தது. நகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிந்தது. மண்ணையே கிளறாமல் கூண்டிலேயே நின்று நின்று நீளமாக வளர்ந்து வளைந்திருந்தது. வாசலில் திறந்துவிட்டால் மண்ணில் கால் வைக்கத் தெரியாமல் அப்படியே நின்றன, பாவம்.

கால்நடை மருந்தக டாக்டரிடம் இரண்டு கோழிகளைக் கொண்டுபோனோம். அவர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், ஒன்றரை வயதாவது இருக்கும் என்று. முட்டை வரும் வழிக்குக் கீழே இரண்டு பக்கமும் கூராக இரண்டு எலும்பு தட்டுப்படும். இன்னும் முட்டைக்கு வராத விடையில் அதற்கு நடுவே ஒரு விரல்தான் நுழையும், முட்டைக்கு நெருங்கும்போது இரண்டு விரல் இடம் வரும், இட்டுக்கொண்டிருக்கும் கோழியில் மூன்று விரல். எங்களுடையதில் மூன்று விரல் தாராளமாக நுழைந்தது. இந்த ரகத்தின் விடைக்குக் கால் நல்ல மஞ்சளாக இருக்கும், மாதக்கணக்கில் முட்டையிட்ட பிறகு அந்த மஞ்சள் வெளுத்துவிடும். எங்கள் கோழிகளின் கால் வெள்ளையாக, செதில் தடித்துக் கிடந்தது. நாட்டுக்கோழியில் கருப்பு, பச்சைக் கால்களும் உண்டு என்பதால் அங்கே இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம். அலகு வெட்டியிருந்தால் கிழட்டுக் கோழி என்று சிலர் சொல்கிறார்கள், அதுவும் சரியில்லை. அலகைக் குஞ்சுப் பருவத்திலேயே வெட்டிவிடுகிறார்கள்.

அந்தத் தீவன யோசனையைக் கேட்டு டாக்டர் கோபப்பட்டார். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை, நான்கு சதவீதம் இருக்கும். வளரும் கோழிக்கு ஒரு சதவீதமே போதும். முட்டைக்கு வராத விடைக்கு அதை வாரக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் கெட்டுப்போகும். விடைகளுக்கு வளர்பருவத் தீவனமே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வையுங்கள், முட்டைக்கு வந்தது தனக்குத் தேவையானதைக் கொத்திக்கொள்ளும் என்றார். நல்லவேளை, எங்கள் ஏழும் அந்த மூட்டையைத் தொடவில்லை. புதுக்கோழிகளைத் தனிக் கூட்டில் விட்டிருந்ததால் நோய் எதுவும் தொற்றவில்லை.

கொஞ்ச நாளில் வாங்கிய பத்தும் இறகு உதிர்க்க ஆரம்பித்தன, முட்டை சுத்தமாக நின்றுவிட்டது. விற்றவருக்குப் போன் செய்தால் முதலில் "தண்ணி மாறுனதுங்கக்கா, ஒரு மாசம் பொறுங்க" என்றார். அப்புறம் எங்கள் தீவனம் சரியில்லை என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார். கையில் பில் இல்லை, பண்ணையின் முகவரி இல்லை, பணம் போனது ஒரு தனிநபர் எண்ணுக்கு. புகார் கொடுக்க எதைக் காட்டுவது?

ஆகவே வெளிச்சத்தில், கோழியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். காலையும் நகத்தையும் பாருங்கள், விரல் வைத்துப் பாருங்கள். நல்ல விடை வைத்திருப்பவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். தடுப்பூசி போட்டாயிற்று என்றால் எந்தத் தேதியில், எந்த மருந்து என்று கேளுங்கள். பில்லில் கோழியின் வயதை வாரக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள், எழுத மறுத்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதே வீடியோ, அதே குரல் இப்போது வேறொரு எண்ணிலிருந்து வருகிறது, விலை மட்டும் 390 ஆகியிருக்கிறது.